30 லிட்டர் ரீஃப் தொட்டி: மீனுக்கு முன்னால் தண்ணீர்

வீட்டில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. 45 செ.மீ நீளம், 25 அகலம், 30 உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி கணக்குப்படி கிட்டத்தட்ட 34 லிட்டர் பிடிக்கும். மேலே இரண்டு விரல் இடம் விட்டு, 3 கிலோ கல்லும் 3 கிலோ அரகோனைட் (சுண்ணாம்பு) மணலும் போட்டபின் உள்ளே நிற்பது சுமார் 25 லிட்டர். உப்பு முதல் எல்லாவற்றுக்கும் இந்த 25தான் கணக்கு.

"கல் உப்பைக் கரைத்து ஊற்றினால் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் அடியில் படிந்துவிடும். பிறகுதான் உப்பு விளையும். மெக்னீசியம் மிச்சமுள்ள கசப்பு நீரோடு போய்விடும். கைக்கு வருவது வெறும் சோடியம் குளோரைடு. கடல்நீரிலோ லிட்டருக்கு 400 மி.கிராமுக்கு மேல் கால்சியமும் 1,300 மி.கிராம் அளவில் மெக்னீசியமும் உண்டு. ஆகவே இவையெல்லாம் சேர்த்து விற்கும் ரீஃப் உப்புதான் வாங்க வேண்டும், லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம். மெரினா தண்ணீரும் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கிற இடம் அது.

வீட்டு ஆர்ஓ தண்ணீரில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) கன்ட்ரோலர்: ருசிக்காகக் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு. இன்னொன்று "காப்பர்" கேட்ரிட்ஜ். மனிதருக்கு நல்லதென்று விற்கிறார்கள், ஆனால் இறாலும் நத்தையும் செம்பைத் தாங்காது. இவற்றுக்கு முன்பே, மெம்பரேனிலிருந்து நேராகத் தண்ணீர் எடுங்கள். போர் தண்ணீர் 1,000 டிடிஎஸ் என்றால் மெம்பரேன் தாண்டியும் 50, 60 நிற்கும். அதை மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியே விட்டுப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் பாசி வளர்ப்பதுதான் வேலையாகிவிடும்.

உப்பை வாளியில் சின்ன பம்ப் போட்டு ஒரு நாள் சுற்றவிட்டுக் கரையுங்கள். உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 (ஆயிரத்துக்கு 35 பங்கு) காட்ட வேண்டும். கருவியை 35 அளவுக் கரைசலால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

கல்லுக்காகக் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள். கல் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. கடல்குதிரைக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் செயற்கைக் கல் போதும். அதைக் கண்ணாடியின் அடித்தளத்திலேயே உட்காரவைத்துவிட்டு, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரியும்.

அடுத்து, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடைக்கும் பாக்டீரியா வளர வேண்டும். அதற்கு அம்மோனியா தேவை. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமேதான் (அம்மோனியம் குளோரைடு), ஆனால் ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள். 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து அதில் 15 மி.லி ஊற்றினால் 25 லிட்டரில் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கிராம்) வரும். அது ஒரே நாளில் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை உயிர் எதுவும் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இடையில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படரும், தானே போய்விடும். மருந்து ஊற்றிக் கெடுக்காதீர்கள்.

சென்னையில் ஹீட்டர் வேண்டாம், குளிர வைப்பதுதான் பாடு. தண்ணீர் 29 டிகிரியைத் தாண்டி நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும். மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் அதுவும் இறங்காது, ஏசிதான் கதி. ஃபேன் ஓடினால் நாளுக்கு அரை லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. மூன்று நாள் கவனிக்காவிட்டால் 35 இருந்த உப்பு 37-ஐத் தாண்டிவிடும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை உப்புக் கலக்காத டிஐ தண்ணீரை ஊற்றுங்கள். உப்புத் தண்ணீரை ஊற்றுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்கிற தவறு.

மணிக்கு 500 முதல் 700 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்று, 30 வாட் ரீஃப் எல்இடி ஒன்று. விளக்கை முதல் மாதம் 30 சதவீதத்தில் எட்டு மணி நேரம் எரியவிட்டால் போதும். நுரையாகக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுக்குத் தேவையில்லை. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறட்டும், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் நேரே பிளக்குக்குள் வழியும்.

முதலில் இரண்டு மூன்று நத்தைகள். மூன்று வாரம் கழித்துக் காளான் பவளம், சோவாந்திட் (பூப்போலக் கூட்டமாக வளரும் பவள இனம்). ஸ்டார் பாலிப் என்ற பவளத்தைத் தனிக் கல்லில் வையுங்கள், விட்டால் தொட்டியையே மூடிவிடும். சோவாந்திட்களில் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வெட்டாதீர்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்க்கும்.

மீன் என்றால் ஒரே ஒரு சின்ன கோபி. கடைக்காரர் நீட்டும் நீமோ ஜோடிக்கு இதைப் போல இரண்டு மடங்கு தொட்டி வேண்டும். வாரம் 2.5 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள், அதற்கு 95 கிராம் உப்பு.