உளோம் போகீர்: திருவெண்பாக்கத்தில் ஒரு காலைப் பொழுது

திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குச் செல்லும் சாலையில், பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை நானே ஓட்டிச் சென்றேன். மடக்கிய சக்கர நாற்காலியை மகன் தன் வண்டியில் கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். கோயில் வாசலில் மற்றவர்கள் செருப்பைக் கழற்றும் இடத்தில், என் மனைவி ஈரத்துணியால் நாற்காலியின் நான்கு சக்கரங்களையும் துடைத்தாள். படியின் மேல் வைக்கும் பலகையை நானே அறுத்துச் செய்திருக்கிறேன்.

சிவன் ஊன்றீசர் என்ற பெயரில் வீற்றிருக்கும் திருவெண்பாக்கம் தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. பழைய கோயில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது அந்த இடம் நீருக்குள் போனதால், சுவாமியையும் அம்பாள் மின்னொளியம்மையையும் கொண்டுவந்து இப்போதுள்ள இடத்தில் எழுந்தருளச் செய்தார்கள்.

திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறி, திருவாரூரைக் காணும் ஆசையில் எல்லை தாண்டிய சுந்தரர் இரு கண்ணும் இழந்து, தட்டுத் தடுமாறி இங்கு வந்து, கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டார். உள்ளிருந்து வந்த விடை 'உளோம் போகீர்' என்பதுதான். கிடைத்தது கண் அன்று, ஓர் ஊன்றுகோல். கோபத்தில் அவர் வீசிய கோல் பட்டு ஒடிந்ததாகச் சொல்லப்படும் நந்தியின் கொம்பை இன்றும் காணலாம்.

நான் 2016-ஆம் ஆண்டு வரை கட்டடங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை செய்தவன். சாரத்தின் கயிறு அவிழ்ந்து இரண்டாம் மாடி உயரத்திலிருந்து விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பார்க்க வந்த உறவினர் பலர் முன்வினை என்றார்கள். அதை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை; அவிழ்ந்தது கயிற்றின் முடிச்சு. அடுத்த இரண்டு ஆண்டுகள் நான் வேண்டியதெல்லாம் கால்களை மட்டுமே. 2018-இல் முதன்முறையாக இருவர் என்னைத் தூக்கி வந்து இந்தச் சந்நிதியில் இருத்தியபோது, அந்த நந்தியைப் பார்த்து, வீசிய அந்தக் கோபம் எனக்கு முழுவதுமாகப் புரிந்தது. 'இருக்கிறோம், போய் வா' என்பது ஒரு விடையா என்று வாய்விட்டு அழுதேன்.

ஆனால் சுந்தரர் வீசிய கோலையே மீண்டும் எடுத்து ஊன்றிக்கொண்டு நடந்தார். காஞ்சியில் ஏகம்பன் இடக்கண் தந்தான். வலக்கண் ஆரூரில் கிடைத்தது. எனக்குக் கால் வரவில்லை. வந்தது வேறு: உட்கார்ந்தபடியே மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலை ஒரு பெரியவர் எட்டு மாதம் பொறுமையாகக் கற்றுக் கொடுத்தார். செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, தாள் செருகி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கும் வேலைக்கு விரலும் கண்ணும் பொறுமையும் போதும். இன்று இரண்டு பையன்கள் என்னிடம் பழகுகிறார்கள். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஆய்க்குடி ராமகிருஷ்ணன், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி எத்தனையோ பேருக்கு ஊன்றுகோலானவர் என்பதைச் சிகிச்சையின்போது ஒரு பயிற்சியாளர் சொல்லித்தான் முதலில் அறிந்தேன். அன்று அந்தச் செய்தி எனக்குப் பெருமூச்சாகவே இருந்தது. பட்டறை திறந்த பிறகே அதன் பொருள் உள்ளே இறங்கியது.

தீபாராதனையின்போது 'பிழையுளன பொறுத்திடுவர்' என்ற பதிகத்தை ஓர் அம்மையார் பாடினார். எனக்குப் புண் வராமலிருக்கச் சற்று நேரத்துக்கு ஒருமுறை இரு கைகளையும் ஊன்றி உடலை இருக்கையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதும் தூக்கினேன், தோள் நடுங்க, உடல் எழுந்து நின்ற அந்தச் சில நொடிகளில் கற்பூர ஒளியில் சுவாமியின் திருமேனி முழுவதும் தெரிந்தது. எழுந்து நின்று கும்பிட முடியாத எனக்கு அதுவே எழுந்து கும்பிடுதல் என்று மனம் கரைந்தது.

திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபோது கைப்பேசி ஒலித்தது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாகவும், நாற்றங்கால் காய்வதாகவும் ஒரு விவசாயி பதறினார். பட்டறையில் இறக்கி வையுங்கள், மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினேன்.