பாட்டியிடம் கொடுத்த குப்பி

"பலகை வேண்டாம் சார். பாட்டியையே சொல்ல வச்சிடலாம்." இதைச் சொன்னது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நாங்கள் செய்யும் வீடியோ கேமில், சத்திரத்துச் சுவரில் குளிர்பானக் கம்பெனியின் பலகையை மாட்டுவது என்றுதான் முதலில் பேச்சு. வாளும் மந்திரமும் உள்ள நாட்டில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், பளபளவென்று ஒரு விளம்பரமா? ஆடுகிறவர் அந்த நொடியே கதையை விட்டு வெளியே வந்துவிடுவார் என்று பயந்தேன். அதற்குப் பதில், ராத்திரி தங்க வரும் வீரனிடம் சத்திரத்துப் பாட்டி ஒரு குப்பியை நீட்டி, பானத்தின் பெயரைச் சொல்லி, "குடிய்யா, களைப்பு தீரும்" என்பாள். ஹெல்த் 20 ஏறும். சாருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

டெஸ்டிங் தம்பி நாலாவது லெவலில் ஆற்றில் இறங்கி இறங்கிச் செத்துக்கொண்டிருந்தான். மலைப்பாதையில் போ என்று பாட்டி தெளிவாகச் சொல்லியிருக்கிறாளே, ஏன்டா கேட்கவில்லை என்றேன்.

"அது விளம்பரப் பாட்டிதானண்ணே. மலையில வேற எதையோ விக்கப்போகுதுன்னு நெனச்சேன்."

சிரித்தேன். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

மீட்டிங்கில் நான் காட்டிய உதாரணம் ஃபைனல் ஃபேண்டஸி 15 என்ற கேம். 2016-இல் வந்தது. கப் நூடுல்ஸுக்கென்றே அதில் ஒரு குவெஸ்ட், அதாவது ஆடுகிறவர் முடிக்க வேண்டிய ஒரு வேலை, உண்டு. நாயகனின் நண்பன் அந்த நூடுல்ஸைப் புகழ்ந்து தள்ளுவான். ஆனால் அந்த உலகத்தில் கார் ஓடும், பெட்ரோல் பங்க் இருக்கும். எங்கள் கேம் நாட்டில் மாட்டுவண்டி. 2005-இல் எவர்குவெஸ்ட் 2 என்ற ஆன்லைன் கேமில் 'ஸ்லாஷ் பீட்சா' என்று டைப் அடித்தால் பீட்சா ஹட்டில் ஆர்டர் செய்ய முடிந்தது. அங்கே பசி ஆடுகிறவருக்கு, வீரனுக்கு இல்லை. இதை நான் மீட்டிங்கில் சொல்லவில்லை.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி 'உபயம்' எழுதியிருக்கும். யாருக்கும் பக்தி குறைவதில்லை. சித்திரைத் திருவிழா நீர்மோர்ப் பந்தலில் கடைப்பெயர் தொங்கும். மோர் மோராகத்தான் இருக்கும். அப்படியென்றால் பலகையே மாட்டியிருக்கலாமோ? உபயதாரர் பெயரை மைக்கில் சொல்வார்கள், மந்திரத்துக்கு நடுவே அர்ச்சகர் சொல்வதில்லை. செத்த வீரனை எழுப்ப 30 விநாடி வீடியோ காட்டுகிறோம். அது விளம்பரம் என்று தெரிந்தேதான் பார்க்கிறார்கள், அதற்காக எங்களை யாரும் திட்டியதில்லை.

சரி, ஒரு பையன் சொன்னதற்கு இவ்வளவா என்றும் தோன்றுகிறது. அந்தப் பணத்தில்தான் இரண்டு மாதச் சம்பளம் வந்தது, அவனுக்கும் சேர்த்து.

மலைப்பாதைத் துப்பை ஓடக்காரன் வசனத்துக்கு மாற்றிவிட்டேன். பாட்டிக்கு இன்னொரு வசனம் இருந்தது: போருக்குப் போய்த் திரும்பாத பேரனைப் பற்றி எட்டு வரி. அதையும் எடுத்துவிட்டேன். நீளம் அதிகம் என்று சாருக்குக் காரணம் எழுதினேன்.