உப்பளத்து ப்ரொபோசல் – ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 11, 2025

இன்னைக்கு நாலரைக்கே அளத்துக்கு போயிட்டேன். எனக்கு முன்னாடியே அக்காக்கள் எல்லாரும் வந்து வேலைய ஆரம்பிச்சாச்சு, தூத்துக்குடி வெயில் ஏறுறதுக்குள்ள பாதி உப்பையாவது வாரிடணும்னு டார்ச் லைட்ட வச்சுக்கிட்டே வாருபலகை இழுக்கிறாங்க. பிபி மெஷின் எடுத்துட்டு போயிருந்தேன், ஆனா அவங்க நின்னாத்தானே பாக்கிறதுக்கு, சட்டி தலைல ஏறுனா உப்ப குவிக்கிற தட்டுமேட்டுல கொட்டிட்டு திரும்பி வர்ற வரைக்கும் யாரையும் நிறுத்த முடியாது. பதினொரு மணிக்கு ஒரு சித்தி வந்து உக்காந்தாங்க. பக்கத்துல அவங்க ஒரு லிட்டர் பாட்டில், அதுல முக்கால்வாசி தண்ணி அப்படியே இருக்கு. எட்டு மணி நேரம் ஆச்சு வேலைக்கு வந்து.

"ஏன் சித்தி குடிக்கல?"ன்னு கேட்டேன்.

"குடிச்சா ஒதுங்க எங்கம்மா போவ? சுத்தி வெட்டவெளி, லாரிக்காரன் நிக்கான், லோடு ஏத்துறவன் நிக்கான். வீட்டுக்கு போயி குடிச்சுக்கிடுவோம்."

நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, கால் வெடிப்புன்னு நாலு வருஷமா நான் நோட்டுல எழுதிட்டு வர்றதுல முதல் ரெண்டும் இந்த ஒரு பதில்ல இருக்குன்னு தோணுச்சு. மும்பைல ஒரு கம்பெனி பவுண்டேஷன் சமூக சுகாதாரத்துக்கு மூணு வருஷ நிதிக்கு விண்ணப்பம் கேட்டிருக்காங்க, கடைசி தேதி செப்டம்பர் 15. போடுறோம்னு எங்க சின்ன ட்ரஸ்ட்ல முடிவு பண்ணியாச்சு.

ஆகஸ்ட் 14

முழு நாளும் ஆடிட்டர் ஆபீஸ். 12ஏ, 80ஜின்னு வருமான வரிச் சலுகை சர்டிபிகேட் ரெண்டும், அரசாங்கத்தோட என்ஜிஓ பதிவு நம்பரான தர்பன் ஐடி, பான், மூணு வருஷ ஆடிட் ரிப்போர்ட், ட்ரஸ்ட் தீர்மானம். அப்புறம் சிஎஸ்ஆர்-1 நம்பர், 2021 ஏப்ரல்ல இருந்து அது இல்லாம எந்த கம்பெனியும் சிஎஸ்ஆர் பணத்த, அதாவது சட்டப்படி சமூகத்துக்கு செலவழிக்க வேண்டிய பணத்த, நம்ம கைல குடுக்க முடியாது. எங்க 12ஏ 2026 மார்ச்சோட முடியுது, புதுப்பிக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே, அதாவது செப்டம்பர் 30க்குள்ள 10ஏபி ஃபார்ம் போடணும்னு ஆடிட்டர் சொன்னதும் அதையும் சேத்து இன்னைக்கே கையெழுத்து போட்டு குடுத்துட்டு வந்தேன். சின்ன அமைப்பு நடத்துறவங்க யாராவது இத படிச்சா உங்க சர்டிபிகேட்ல முடியுற தேதிய இப்பவே எடுத்து பாத்துடுங்க.

வெளிநாட்டு பவுண்டேஷன் பக்கம் எங்களால போக முடியாது, வெளிநாட்டுப் பணம் வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு எங்ககிட்ட இல்ல. முன்னாடியெல்லாம் அது இருக்கிற பெரிய அமைப்பு வாங்கி எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பிரிச்சு குடுப்பாங்க, 2020ல சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் அதுவும் கூடாதுன்னு ஆயிடுச்சு. அதனால எங்களுக்கு இருக்கிறது இந்த கதவு ஒண்ணுதான்.

ஆகஸ்ட் 20

ரிட்டயர்ட் ஆன ஒரு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் எங்களுக்கு உதவி பண்றாரு. ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து சொல்லிக்குடுத்தாரு. எல் சால்வடார், நிகராகுவா பக்கம் கரும்பு வெட்டுறவங்களுக்கு சர்க்கரையும் இல்லாம பிரஷரும் இல்லாம கிட்னி கெட்டுப் போறத பாத்திருக்காங்க, கடும் வெயில்ல தண்ணி இல்லாம உழைக்கிறது அதுக்கு ஒரு பெரிய காரணமா இருக்கும்னு சந்தேகப்படுறாங்க, அங்க சில தோட்டங்கள்ல தண்ணி, ஓய்வு, நிழல்னு மூணையும் வேலை நேரத்துக்குள்ளயே கொண்டு வந்து பாத்திருக்காங்க. நம்ம பக்கத்துலயே ஆந்திரா ஸ்ரீகாகுளம் மாவட்டத்துல உத்தானம்னு ஒரு பகுதி, அங்கயும் வருஷக்கணக்கா கிட்னி நோய், காரணம் இன்னும் முழுசா பிடிபடல. உப்பளத்துல இதான் நடக்குதுன்னு நாம எழுதக்கூடாது, நடக்குதான்னு பாக்கப்போறோம்னுதான் எழுதணும்னு டாக்டர் கறாரா சொன்னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு.

இன்னொண்ணும் சொன்னாரு, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தத்துல பாக்கிற கிரியாட்டினின் ஒரு தடவ பாத்து கூடுதலா இருந்தா உடனே கிட்னி நோய்னு சொல்லக்கூடாது, உடம்புல தண்ணி வத்தியிருந்தாலே அது ஏறும். அதனால வேலை விட்டு வந்த கையோட ரத்தம் எடுக்கக்கூடாது, மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கணும், அப்பவும் கிட்னி வடிகட்டுற அளவ காட்டுற ஈஜிஎஃப்ஆர் 60க்கு கீழ இருந்தாத்தான் நாள்பட்ட நோய்னு எடுத்துக்கணும். அப்ப லேப் செலவு ரெண்டு மடங்கு. எழுதிக்கிட்டேன்.

ஆகஸ்ட் 27

முதல்ல சுருக்கமா அனுப்புன கான்செப்ட் நோட்ட பாத்துட்டு பவுண்டேஷன்ல இருந்து ஜூம்ல கூப்பிட்டாங்க. ப்ரோக்ராம் ஆபீசர் சின்னப் பொண்ணு, நல்லா படிச்சுட்டு வந்து கேள்வி கேட்டாங்க. "340 பெண்கள்ங்கிறது ரொம்ப கம்மியா இருக்கே, கேம்ப் போட்டு 5000 பேருக்கு பண்ண முடியுமா?" இந்த கேள்வி வரும்னு தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு செலவுன்னு வகுத்து பாக்கும்போது நம்ம கணக்கு கூடுதலாத்தான் தெரியும்.

நான் சொன்னது இதான்: கேம்ப் நாங்களும் போட்டிருக்கோம், பந்தல் போட்டு பேனர் கட்டி ஒரே நாள்ல 400 பேருக்கு பிபி பாத்து ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுத்தோம், எட்டாவது நாள் அந்த மாத்திரைக்கு யாரு பொறுப்பு? தொடர்ந்து மாத்திரை குடுக்கிறதுக்கு அரசாங்கத்தோட மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு, 2021 ஆகஸ்ட்ல இருந்து வீட்டுக்கே வந்து குடுக்கிறாங்க. எங்க ஊர்ல என்ன ஆகுதுன்னா அவங்க வர்ற நேரம் இவங்க அளத்துல நிக்கிறாங்க, வீடு பூட்டியிருக்கு. அந்த ரெண்டையும் சேத்து விடுறதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளுக்கு சம்பளம் வேணும். இதுக்குத்தான் பணம் கேக்கிறோம், மறுபடியும் ஒரு கேம்ப்புக்கு இல்ல.

அவங்க கொஞ்ச நேரம் எழுதிக்கிட்டே இருந்தாங்க. முழு ப்ரொபோசல் அனுப்ப சொல்லிட்டாங்க.

செப்டம்பர் 3

பட்ஜெட். ரெண்டு நாளா இதே வேலை.

அளத்துக்கு ஒண்ணுன்னு கழிப்பறை நாலு கேக்கிறோம். கடலோரத்துல நாலடி தோண்டுனாலே தண்ணி ஊறுது, அதனால உறிஞ்சு குழியெல்லாம் நிக்காது, தரைக்கு மேல மேடை கட்டி ராணுவ ஆராய்ச்சி நிறுவனம் டிஆர்டிஓ கண்டுபிடிச்ச, பாக்டீரியா வச்சு கழிவ மக்க வைக்கிற பயோ டைஜஸ்டர் டேங்க் வைக்கிறதுதான் வழி. இரும்புக் கதவு வேண்டவே வேண்டாம், பழைய பம்பு ஷெட்டுக்கு போட்ட கதவு கீல் எப்படி இருக்குன்னு போய் பாத்தேன், விரல்ல தொட்டா பொருபொருன்னு உதிருது. அதனால ஃபைபர் ரூம், எவர்சில்வர் கீல். அலச நல்ல தண்ணி லாரிலதான் வரணும், அதுக்கு மாசச் செலவு தனி.

கொட்டேஷன்ல ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா போட்டிருந்தத நான் கவனிக்காம விட்டுட்டேன். நமக்கு அது திரும்பி வராத பணம், அப்படியே அனுப்பியிருந்தா ஒரு கழிப்பறை காணாம போயிருக்கும். அக்கவுண்ட்ஸ் பாக்கிற தம்பிதான் ராத்திரி போன் பண்ணி சொன்னான். அவன் நல்லா இருக்கணும்.

அப்புறம் அட்மின் செலவு. அஞ்சு சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, சட்டம்னு அவங்க குடுத்த டெம்ப்ளேட்ல எழுதியிருக்கு. சிஎஸ்ஆர் விதிய எடுத்து படிச்சேன். அந்த அஞ்சு சதவீதம் கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் வேலைய நிர்வாகம் பண்ண செலவழிக்கிறதுக்கு உள்ள வரம்பு, ஒரு திட்டத்த களத்துல நடத்துறதுக்கும் கண்காணிக்கிறதுக்கும் நேரடியா ஆகுற செலவு அதுல சேராதுன்னு 2021ல திருத்துன விதியிலயே இருக்கு. அந்த வரிய அப்படியே எடுத்து போட்டு பணிவா ஒரு மெயில் அனுப்பியிருக்கேன். அளத்துக் குடும்பத்துலயே ரெண்டு பொண்ணுங்கள சுகாதாரப் பணியாளரா எடுக்கப்போறோம், அவங்களுக்கு வாலண்டியர்னு பேர் வச்சு ரெண்டாயிரம் ரூபா குடுக்க எனக்கு மனசு வராது. அளத்துக்கு போனா கிடைக்கிற கூலிக்கு கொறஞ்சா அவங்க ஏன் வரணும்?

செப்டம்பர் 9

அளத்து முதலாளிங்ககிட்ட கையெழுத்து. இடம் அவங்க குத்தகை, அவங்க ஒத்துக்கலன்னா ஒண்ணும் நடக்காது. மூணு பேர் போட்டாங்க. ஒருத்தர் மாட்டேன்னுட்டாரு, யூனியன்காரங்க வந்து பிரச்சினை பண்ணுவாங்கன்னு பயம். நாலாவதுக்கு வேற அளம் பாத்தாச்சு.

செப்டம்பர் 14

சாயங்காலம் 6.40க்கு சப்மிட். பிரச்சினைய 2000 எழுத்துக்குள்ள சொல்லணும், ஆறு தடவ வெட்டுனேன். அந்த தண்ணி பாட்டில மட்டும் வெட்டல.

அக்டோபர் 6

மழை வர்றதுக்குள்ள பாத்துடணும்னு களத்துக்கு வந்தாங்க, ஜூம்ல பேசுன அதே ஆபீசர், கூட ஒரு சார். தட்டுமேட்டுல உப்பு அம்பாரத்து நிழல்ல எல்லாரும் உக்காந்தோம். நான் வரைபடத்த விரிச்சு கழிப்பறை எங்க வருதுன்னு காட்டுனேன். பின்னாடி இருந்து ஒரு அக்கா எந்திரிச்சு வந்தாங்க.

"எம்மா, வாசல இந்தப் பக்கம் வச்சா ஒருத்தியும் போவமாட்டா."

லாரி நிக்கிற பாதைய பாத்து கதவு வருது. உள்ள போறதும் வர்றதும் எல்லாருக்கும் தெரியும். பாத்திப் பக்கம் திருப்பி வைக்கணும், வாளி வைக்க உள்ள ஒரு திண்டு வேணும், துணி மாத்த ஒரு கொக்கி வேணும்னு ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மாசம் உக்காந்து எழுதுன ப்ரொபோசல்ல இதுல ஒண்ணு கூட இல்ல. இவங்க 340 பேர்கிட்டயும் ஆரோக்கியத்த பத்தி கேட்டேன், கதவ பத்தி கேக்கல. ஆபீசர் அந்த அக்காவ பக்கத்துல உக்கார வச்சு வரைபடத்துலயே கதவ திருப்பி வரைஞ்சு வாங்கிக்கிட்டாங்க.

நவம்பர் 26

மெயில் வந்துடுச்சு. கிடைச்சிருக்கு. மூணு வருஷம் கேட்டோம், முதல்ல ஒரு வருஷம், அப்புறம் பாத்து நீட்டிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கழிப்பறை நாலு இல்ல, ரெண்டு. ரெண்டு பணியாளர் சம்பளம் கேட்டபடியே அப்படியே இருக்கு, லேப் டெஸ்ட்டும் ரெண்டு தடவைக்கு குடுத்திருக்காங்க.

சந்தோஷம்தான், ஆனா மத்த ரெண்டு அளத்துக்கு போய் நான்தான் சொல்லணும். மழையில வேலை கிடையாது, எல்லாரும் வீட்லதான் இருக்காங்க, அரசாங்கம் குடுக்கிற மழைக்கால நிவாரணம் 5000 ரூபாய எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்க. வீடு வீடா போனேன். யாரும் கோவப்படல. "அடுத்த தடவ எங்க பேர முதல்ல எழுது"ன்னு அந்த சித்தி சொன்னாங்க, அந்த பாட்டில் சித்தி. அவங்க அளம் இந்த ரெண்டுல வரல. வரும்போது பஸ்ல அழுதுட்டேன்.

ஜனவரி 22, 2026

மழைத்தண்ணி வடிஞ்சு பாத்தி மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வரிசையா நின்னு காலால களிமண்ண மிதிச்சு மிதிச்சு இறுக்குறாங்க, உப்பு விளைய இன்னும் நாள் இருக்கு. மேஸ்திரி கயித்த பிடிச்சு கழிப்பறை மேடைக்கு அளவு போட்டாரு. இந்த மழைக்கு தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு கேட்டதுக்கு ஒரு அக்கா மிதிக்கிறத நிறுத்திட்டு சேத்துக் காலோட வந்து தன் முட்டிய தொட்டு காட்டுனாங்க. மேடைய ஒண்ணரை அடியில இருந்து ரெண்டேகால் அடி ஆக்கியாச்சு. செங்கல் நாளைக்கு வருது.