கரண்ட் பில் எகிறினால் ஒரு மைண்ட் மேப்

மைண்ட் மேப் என்பது நடுவில் ஒரு கேள்வியை எழுதி, அதிலிருந்து கிளைகள் பிரித்து வரையும் படம். ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வையுங்கள். நடுவில் "கரண்ட் பில்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் படம் எங்கோ போய்விடும். "இந்த 2 மாதத்தில் 140 யூனிட் ஏன் கூடியது?" என்று கேள்வியாக எழுதுங்கள்.

கிளைகள் நான்கு போதும்: சாதனம், பழக்கம், கசிவு, ரீடிங். கிளைக்கு ஒரு சொல்தான். வாக்கியமாக எழுதினால் அது கட்டுரை, மேப் இல்லை!

சாதனம் கிளையில் பலரும் "கீசர்" என்று எழுதியதோடு நின்றுவிடுகிறார்கள். அதன் நுனியில் கணக்கு வர வேண்டும்: 2000 வாட், தினம் 1 மணி நேரம் சூடேறினால் 60 நாளில் 120 யூனிட். கசிவின் நுனியில் சோதனை: எல்லா பிளக்கையும் பிடுங்கி, சுவிட்சுகளை அணைத்த பிறகும் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்குகிறதா? ரீடிங்கின் நுனியில், போன முறையும் இந்த முறையும் எடுத்த தேதிகள். பத்து நாள் தள்ளி எடுத்திருந்தாலே யூனிட் கூடும்.

சோதித்து முடித்த கிளையைச் சிவப்பில் அடியுங்கள், அழிக்காதீர்கள்.