ஃபைலைக் காப்பாற்றினால் மட்டும் போதாது

பெங்களூரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய கடிதங்களையும் போட்டோக்களையும் பார்த்துக்கொள்ள வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் மேசைக்கு வருவது ஃபிளாப்பி, சிடி, பெயர் எழுதாத ஹார்டு டிஸ்க். இந்த வேலையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஃபைலைக் காப்பாற்றுவது பாதி வேலைகூட இல்லை. அதை உருவாக்கிய மென்பொருள், அந்த மென்பொருள் ஓடிய கணினி, அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவரின் கைப்பழக்கம் எல்லாம் வேண்டும்.

டிஸ்கைப் படிப்பது பொறுமையிருந்தால் கைவரும் வேலை. முதலில் அதில் எதுவும் எழுத முடியாதபடி செய்துவிட வேண்டும். மூன்றரை அங்குல டிஸ்கில் மூலையிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வைக்க வேண்டும். ஐந்தேகால் அங்குலத்தில் நேர் எதிர், ஓரத்தில் இருக்கும் வெட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும். பூஞ்சை பிடித்த டிஸ்கை அப்படியே செருகினால் டிரைவின் ஹெட்டில் அழுக்கு ஒட்டி, அடுத்து போடுகிற நல்ல டிஸ்கும் கெடும். அப்புறம், ஃபைல்களை மட்டும் காப்பி எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் அச்சு அசல் நகலாக, ஒரே இமேஜாக எடுக்கிறோம். சாதாரண டிரைவ் கைவிட்டதை கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு வழியாகக் காந்தத் தடத்தையே பதிவு செய்து பார்க்கலாம். பழைய டிரைவுக்கும் கேபிளுக்கும் இந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுதான் கதி.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். சிவாஜிநகர் பக்கம் மூடிவிட்ட ஒரு தமிழ் அச்சகத்தின் டிஸ்குகள் வந்தன. ஆண்டுவிழா மலர், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் என்று இந்த ஊர்த் தமிழர்களின் வாழ்க்கை, எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தமிழ் 1991லேயே வந்துவிட்டாலும் அச்சகங்கள் அதற்குப் பிறகும் பல வருடங்கள் பழைய ஃபான்டுகளில்தான் ஓடின, அதுவும் ஆளுக்கொரு முறையில். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்க் கணினி மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று தமிழ் ஃபான்டுகளுக்குப் பொதுத்தரம் கொண்டுவந்த பிறகும் பழசு போகவில்லை. பாமினி என்ற பழைய ஃபான்டில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், ஃபான்ட் இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும்.

அந்த அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்த அக்கா ஒருவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தோம். பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் விண்டோஸ் 98 எழுப்பி ஒரு மலரின் ஃபைலைத் திறந்ததும், ஃபான்ட் இல்லை, எதை மாற்றிப் போடட்டும் என்று பேஜ்மேக்கர் கேட்டது. “தம்பி, பெர்மனென்ட்னு மட்டும் குடுத்துடாதீங்க, சேவ் பண்ணா ஃபான்ட் பேரே போயிடும்” என்றார். தற்காலிகம் என்று கொடுத்து, எந்தப் பக்கத்தில் எந்த ஃபான்ட் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம். இந்த அறிவு எந்த மேனுவலிலும் இல்லை, அவர் விரலில் இருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் டிஸ்க் கொடுப்பவரிடம் முதலில் கேட்பது, “இதுல வேலை செஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” அவர்கள் வேலை செய்வதையே வீடியோ எடுக்கிறோம்.

அடுத்த தடை ஹார்டுவேர் லாக். அந்தக் காலத்து இந்திய மொழி மென்பொருள் சிலவற்றில் பிரிண்டர் போர்ட்டில் செருகும் சின்னக் கட்டை ஒன்று வரும். அது பதில் சொன்னால்தான் மென்பொருள் ஓடும். கட்டை தொலைந்தால் ஒரிஜினல் டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை. அமெரிக்காவில் 2018இல், கடைகளில் கிடைக்காமல் போன மென்பொருளைப் பாதுகாப்பதற்காக இப்படிப்பட்ட பூட்டை நூலகங்களும் காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் உடைக்கலாம் என்று விலக்கு கொடுத்தார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், வணிக நோக்கமில்லாத பொது நூலகம் ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்க இடம் தருகிறது, ஆனால் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று ஏற்கெனவே நூலகத்திடம் இருக்க வேண்டும். புத்தகத்துக்குச் சரி, மென்பொருளுக்கு அப்படி ஒரு பிரதி எங்கே இருக்கும்? இதை மாற்றியே ஆக வேண்டும்.

பாரிஸில் 2016இல் அறிமுகமான சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் உலகத்தின் மூல நிரல்களைச் சேர்த்து வருகிறது, பெரிய காரியம். ஆனால் பொதுவெளியில் இருக்கும் நிரலைத்தான் அப்படித் திரட்ட முடியும். நம் அச்சகங்கள் வாங்கிய தமிழ் மென்பொருளின் நிரல் நிறுவனங்களுக்குள்ளேயே இருந்தது, அதில் சில நிறுவனங்களே இன்று இல்லை. அந்த மென்பொருள் வந்த அட்டைப்பெட்டியை நாம் எடுத்து வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கப்போவதில்லை. நூலகங்களிலும் இதே கதைதான்: புத்தகத்துக்கு எண் போட்டுப் பதிகிறார்கள், பின்னட்டைப் பையில் வந்த சிடி கணக்கிலேயே வராது.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் பழைய அச்சகத்தைக் காலி செய்கிறவர்கள் டிஸ்குகளோடு ஃபான்ட் பட்டியல், கீபோர்டு ஸ்டிக்கர், பில், கணினிக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும் அந்தக் கட்டை, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அருகிலுள்ள காப்பகத்திடமோ நூலகத்திடமோ கொடுங்கள். வேலை செய்தவரின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.