விடக்கூடாது

போன வெள்ளிக்கிழமை எங்கள் பில்டிங்கில் செய்வினை வைத்துவிட்டார்கள். எட்டுக் குடித்தனத்தில் ஏழு வாசலில், கிரில் கேட் கொண்டியில் சிவப்புக் கயிறு போட்ட வெள்ளைத் துணி முடிச்சு. வைத்தது நான்தான். இதைப் படிக்கிற தண்டையார்பேட்டைக்காரர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம், நான் இன்னும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறேன்.

ஆரம்பித்து வைத்தது மச்சான். ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் வீடியோ காலில் முகத்துக்கு முன்னால் டம்ளரைத்தான் காட்டுகிறான். இந்தத் தடவை டம்ளரில் ஆவி பறக்கிற சிவப்பு ஒயின். க்ளூவைனாம். குளிர் தொடங்கினால் அங்கே சந்தையில் நின்றுகொண்டே இதைக் குடிக்கிறார்கள். உள்ளே பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, ஆரஞ்சுத் தோல். ஒயின் ஆகாதவர்கள் ஆப்பிள் ஜூஸில் போட்டுக்கொள்வார்களாம். "மாமா, இந்த மசாலாவ மட்டும் சின்னப் பையில கட்டித் தனியா விக்கிறான். அந்தக் காசுக்கு நம்ம காசிமேட்டுல வஞ்சிரம் வாங்கலாம்" என்றான். அவன் எதையும் வஞ்சிரத்தில்தான் அளப்பான், தெரியும்தானே.

இலையுதிர் காலத்துப் பானம் என்றும் ஒரு வார்த்தை சொன்னான். எங்கள் தெருவில் இருப்பது ஒரே ஒரு வாதாம் மரம். அது இலையை உதிர்ப்பது மாசி வாக்கில், அதுவும் துவைத்துக் காயப்போட்ட துணி மேல். ஆனால் நமக்கும் ஐப்பசி, கார்த்திகை என்று கூதிர் காலம் ஒன்று உண்டு, தமிழ் ஐயா ஆறு பெரும்பொழுதையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். கீழ்வீட்டு ஆயா கூதல் கூதல் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருக்கிற மாதம். சரி, நம் கூதிருக்கு நாமே ஒரு முடிச்சு கட்டுவோம் என்று கிளம்பினேன்.

மெட்ரோவில் சென்ட்ரலில் இறங்கி இராசப்ப செட்டித் தெருவுக்கு நடந்தேன். மச்சான் அனுப்பிய பட்டியலில் சர்வசுகந்தி (ஆல்ஸ்பைஸ்) என்று ஒன்று இருந்தது. அதன் காயைக் கேட்டதும் நாட்டு மருந்துக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கு, உடம்புக்கு என்ன?" யாருக்கும் ஒன்றுமில்லை, குடிக்கத்தான் என்றேன். அவர் முகம் இன்னும் இறுகியது. "அது கிடையாது. வால்மிளகு இருக்கு, தொண்டைக்கு நல்லது, எடுத்துக்கங்க."

மிளகைத் தேடிக் கப்பலேறிய ஸ்பெயின்காரர்கள் கரீபியன் தீவுகளில் இந்தச் சர்வசுகந்தியைப் பார்த்து, இதுவும் மிளகுதான் என்று 'பிமியெண்டா' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். ஐந்நூறு வருடம் கழித்து இங்கே நான் அதைக் கேட்டு மிளகை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் மூன்றும் சேர்ந்த வாசனைதான் அதற்கு. மூன்றையும் வாங்கிவிட்டால் ஈடாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பட்டையில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நாம் பிரியாணிக்குப் போடுகிற தடித்த பட்டை பெரும்பாலும் காசியா, ஓட்டுத் துண்டு மாதிரி இருக்கும். சிலோன் சுருள்பட்டை வேறு ஜாதி. காகிதம் மாதிரி மெல்லிய தோலைப் பல அடுக்காகச் சுருட்டி, பார்க்கச் சுருட்டு மாதிரியே இருக்கும். நகத்தால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். விலையைச் சொன்னார். ஐம்பது கிராம் என்றேன். வீட்டில் சொன்ன விலை வேறு.

ஆரஞ்சுத் தோல் இன்னொரு கதை. உள்ளே இருக்கிற வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். அப்புறம் காய வைக்க வேண்டும். கார்த்திகை மாதம் வெயிலுக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் மூன்று நாள் பரப்பி வைத்தேன். அம்மா மிக்ஸி ஜாரோடு வந்து நின்றாள்.

"பொடிச்சிடவாடா?"

"பொடிக்கக் கூடாதும்மா. பொடிச்சா ஜூஸ் சேறாயிடும்."

"பொடிக்காத மசாலா எதுக்குடா?"

அம்மாவிடம் இதற்குப் பதில் சொல்ல ஜெர்மனியே வந்தாலும் முடியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. மச்சான் ஊரில் ஒயின், நம் வீட்டில் அம்மாவுக்குப் பயந்து பன்னீர் திராட்சையைப் பிழிந்த சாறு. சிறு தீயில் வைத்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, வாசனை மாடிப்படி வழியாக இறங்கிவிட்டது. கீழே இருந்து ஆயா குரல்: "இன்னாபா மேல, வியாயக்கெயமையில பிரியாணி?" நாலு வாசலில் தலை நீட்டினார்கள். இரண்டாம் மாடிப் பையன் படியேறியே வந்து, அடுப்பில் திராட்சைச் சாறைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் ஏமாற்றுகிற உலகத்தை முதன்முதலாகச் சந்தித்த முகத்தோடு இறங்கிப் போனான். நைனா ஒரு வாய் குடித்தார். "சுக்குக் காபிய யாரோ கெடுத்து வெச்சிருக்கான்" என்றார். ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தார்.

அந்தப் பையன் முகம் மனதை அறுத்தது. வீட்டுக்கு ஒரு முடிச்சு கட்டி வாசலில் மாட்டிவிட்டால் காலையில் சந்தோஷப்படுவார்களே என்று தோன்றியது. வீடியோவில் மஸ்லின் துணியும் சிவப்பு ரிப்பனும் சொன்னார்கள். துணிக்கு பீரோ அடியில் கிடந்த நைனாவின் பழைய வேட்டி. ரிப்பன் இல்லை, சாமி அலமாரியில் சிவப்புக் காசிக்கயிறு ஒரு கண்டு இருந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒடித்த பட்டை, கிராம்பு ஐந்து, அன்னாசிப்பூ ஒன்று, ஏலக்காய் இரண்டு, வால்மிளகு, ஜாதிக்காய்ச் சில்லு, ஆரஞ்சுத் தோல்.

அட்டையில் குறிப்பும் எழுதினேன். 'சிறு தீயில் சுட வைக்கவும். கொதிக்க விடக்கூடாது.' ஒயினில் அதுதான் முக்கியமாம். ஆல்கஹாலின் கொதிநிலையே 78 டிகிரிதான், கொதிக்க விட்டால் மச்சான் குடிக்கிற காரணமே போய்விடும். அதனால் நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுதியதில் கடைசி வார்த்தை மேல் மட்டும் சிவப்பு மார்க்கரால் அழுத்தி இன்னொரு தடவை எழுதினேன். ராத்திரி பதினொன்றரைக்கு ஏழு வாசலிலும் கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலை சாரல் அடித்திருக்கிறது. ஸ்கெட்ச் பேனா முழுக்கக் கரைந்து ஓடிவிட்டது. மார்க்கர் கரையவில்லை.

காலண்டரையும் நான் பார்க்கவில்லை. அமாவாசை.

ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்க வந்த முதல் மாடி அக்கா போட்ட சத்தத்தில் தெரு நாயெல்லாம் எழுந்துவிட்டது. நான் கீழே போனபோது மொத்தக் கூட்டமும் முடிச்சைச் சுற்றி நிற்கிறது. நீலச் சாயம் ஒழுகிய துணி, சிவப்புக் கயிறு, நனைந்த அட்டையில் சிவப்பாக ஒரே வார்த்தை. விடக்கூடாது.

"யார விடக்கூடாது?" என்று ஹவுஸ் ஓனர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. போன மாசம் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரர் மேல் பேச்சு திரும்பியது, அட்வான்ஸ் தகராறு வேறு இருந்ததே. மூன்றாம் மாடி டீச்சரம்மா ஜெபமாலையோடு இறங்கி வந்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி பின்னாலிருந்து என் இடுப்பில் கிள்ளிய கிள்ளு இப்போதும் கன்றியிருக்கிறது.

அதற்குள் முதல் மாடி அக்காவுக்குப் பொறி தட்டிவிட்டது. "எல்லா வாசல்லயும் இருக்கே, உங்க வாசல்ல மட்டும் ஏன் இல்ல?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குனிந்து முடிச்சைப் பார்த்தார். துணி ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. என்னைப் பார்த்தார். மறுபடி கரையைப் பார்த்தார்.

"எங்களுத நான் நாலு மணிக்கே எடுத்துக் கடல்ல போட்டுட்டேன்" என்றார். "திரும்பிப் பாக்காம வந்தேன்."

அவ்வளவுதான், நைனா அன்றைக்குப் பில்டிங்கின் குலசாமி. ஆறு முடிச்சையும் முறத்தில் வாங்கி, முதல் மாடி அண்ணன் டிவிஎஸ் எக்செல்லில் பின்னால் உட்கார்ந்து, அவரே காசிமேட்டுக்குப் போய்த் தலைமை தாங்கிக் கடலில் போட்டுவிட்டு வந்தார். ஐம்பது கிராம் சிலோன் பட்டை, அதுவும் நான் சொல்லாத விலையில். பூசணிக்காய் சுற்ற வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூல், நானும் கொடுத்தேன்.

ஏழாவது முடிச்சை மட்டும் ஆயா தரவில்லை. எல்லாரும் பதறப் பதறப் படியில் உட்கார்ந்து காசிக்கயிற்றை அவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழு இழுத்தது. "செய்வினை வெக்கிறவன் முட்ட வெப்பான், எலும்பு வெப்பான். இவன் ஏலக்கா வெச்சிருக்கான். இன்னா வெல விக்கிது ஏலக்கா" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டது.

திரும்பி வந்த நைனா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எட்டு மொழம், ரெண்டு. பச்சக் கரை. எம்.சி. ரோட்டுல எடு, நடைபாதையில எடுக்காத" என்றார். சனிக்கிழமை போய் எடுத்துக் கொடுத்தேன். கரை சின்னதாக இருக்கிறதாம்.

ஞாயிறு மத்தியானம் ஆயாவின் பேத்தி மூடி போட்ட கிண்ணத்தோடு வந்தாள். சீரகசம்பா பிரியாணி. இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல், வெள்ளை சுரண்டியது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஆயா கேக்கச் சொல்லுச்சு. அந்த முடிச்சு இன்னும் ரெண்டு இருக்குமாண்ணா?"