கம்பெனிக் கப்பல்களின் ஏடுகளில் சென்னை மழையைத் தேடுவது

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வடகிழக்குப் பருவமழை சோழமண்டலக் கரைக்கு எப்போது வந்தது, எந்த ஆண்டில் பொய்த்தது, எந்த ஆண்டில் புயலாக அடித்தது என்று தேடப் புறப்படுபவர் வெகுசீக்கிரம் கடலுக்குள் இறங்கியாக வேண்டியிருக்கிறது. கரையில் ஒழுங்கான வானிலைப் பதிவு நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் 1796-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நாளுக்கு நாள், பல இடங்களில் மணிக்கு மணி, காற்றின் திசையையும் வானத்தின் நிலையையும் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளே. அவர்களுள் நம் கரையோடு மிக நெருங்கிய தொடர்புடையவர்கள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்சேவையினர். அவர்கள் விட்டுச்சென்ற ஏடுகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது எப்படி, அவை எங்கே நமக்குக் கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பெனி தன் கப்பல்களில் பெரும்பாலானவற்றைச் சொந்தமாக வைத்திருக்கவில்லை. லண்டனில் இருந்த உரிமையாளர் குழுக்களிடமிருந்து பயணத்துக்கு இத்தனை என்று வாடகைக்கு எடுத்தது. ஆனால் கப்பித்தான் முதல் கீழ்நிலை அதிகாரிகள் வரை அனைவரும் கம்பெனியின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். பயணம் முடிந்து திரும்பியதும், வழிநெடுக எழுதிய நாளேட்டை லீடன்ஹால் தெருவில் இருந்த தலைமையகத்தில் ஒப்படைத்தாக வேண்டும். ஏன் தாமதம், ஏன் வேறு துறைமுகத்துக்குப் போனீர்கள், சரக்கு நனைந்தது எப்படி என்று இயக்குநர்கள் கேட்கும் கேள்விகளுக்கு அந்த ஏடுதான் சாட்சி. கணக்குக் கேட்பதற்காகத் தொகுக்கப்பட்ட ஆவணம் அது. வரலாறு எழுதப் போகிறவரையோ வானிலை ஆராயப் போகிறவரையோ மனத்தில் வைத்து அதில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.

கம்பெனியின் வணிகக் கப்பலோட்டம் 1834-இல் முடிவுக்கு வந்தது. 1858-க்குப் பிறகு ஆவணங்கள், இந்திய நிர்வாகத்தைக் கவனித்த லண்டன் அரசுத் துறையான இந்தியா ஆபீஸின் பொறுப்புக்கு மாறின. அந்த மாற்றத்தின்போது கம்பெனியின் பழைய தாள்கள் டன் கணக்கில் வேண்டாதவை என்று கழிக்கப்பட்டன என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. தப்பியவற்றில் கப்பல் ஏடுகளும் இருந்தன. 1982 முதல் இத்தொகுப்பு முழுவதும் பிரிட்டிஷ் நூலகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. கடற்பிரிவு ஆவணங்களுள் ‘ஏ’ வரிசையில் 17-ஆம் நூற்றாண்டு ஏடுகளும், ‘பி’ வரிசையில் 1702-க்குப் பிற்பட்டவையும் உள்ளன. அங்கே ஆவணக் காப்பாளராக இருந்த அந்தோணி ஃபாரிங்டன், கப்பல் கப்பலாக, பயணம் பயணமாக ஓர் அட்டவணையை 1999-இல் வெளியிட்டார். எந்தக் கப்பல் எந்த நாளில் எந்தத் துறையைத் தொட்டது என்பது அதிலேயே இருப்பதால், லண்டனுக்கு டிக்கெட் எடுக்கும் முன் அதைப் புரட்டுவது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இந்தக் காப்பகத்தின் முதல் ஆராய்ச்சியாளர்கள் கம்பெனிக்காரர்களேதாம். சென்னையில் எழுத்தராக வாழ்க்கையைத் தொடங்கிய அலெக்சாண்டர் டால்ரிம்பிள், 1779-இல் கம்பெனியின் நீர்வரைவியலாளராகி, குவிந்து கிடந்த ஏடுகளிலிருந்து கடல்வரைபடங்களைத் தயாரித்தார். பின்னாளில் அந்தப் பதவிக்கு வந்த ஜேம்ஸ் ஹார்ஸ்பரோவின் கதை இன்னும் சுவையானது. 1786-இல் டியகோ கார்சியா தீவில் அவர் பணியாற்றிய கப்பல் தரைதட்டி உடைந்தது. வரைபடம் தவறாக இருந்தால் என்ன நேரும் என்பதை உடம்பால் அறிந்த அவர், கிழக்குக் கடல்களுக்கான வழிகாட்டி நூலை எழுதப் பிற கப்பல்களின் ஏடுகளைச் சலித்தெடுத்தார். வெப்பமண்டலக் கடலில் காற்றழுத்தமானி நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது என்பதைத் தன் கப்பலிலேயே தொடர்ந்து கவனித்து 1805-இல் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதியவரும் அவரே.

நம் காலத்தில் இந்த ஏடுகளைத் தட்டி எழுப்பியவர்கள் காலநிலை ஆய்வாளர்கள். 1789 முதல் 1834 வரையிலான 891 ஏடுகளிலிருந்து ஏறத்தாழ 2,73,000 வானிலைப் பதிவுகளை அவர்கள் எண்வடிவில் மாற்றினார்கள். ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. 1809-ஆம் ஆண்டின் எரிமலை வெடிப்பு, 1815-இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது ஆகிய இரண்டுக்கும் பின் கடல்மீதான காற்று ஓரளவு குளிர்ந்ததை இந்தப் பதிவுகளில் காண முடிந்தது. நவீன அளவீடுகள் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை கப்பல் ஏடுகளில் தூங்கிக்கொண்டிருந்தது என்பது சாதாரண விஷயமில்லை.

ஒரு பக்கத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கடலில் செல்லும் நாள்களில் இடப்பக்கம் மணிக்கணக்கு இறங்கும். அதையடுத்து வேகம். கயிற்றில் கட்டிய மரப்பலகையைக் கடலில் எறிந்து, அரை நிமிட மணற்கடிகாரம் காலியாகும்வரை எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணி எழுதியது அது. அடுத்து கப்பல் சென்ற திசை, பிறகு காற்றின் திசை. வலப்பக்கத்தில் அகலமான குறிப்புப் பத்தி. அடியில் நண்பகல் நிலை, அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல ஏடுகளில் வெப்பமானியின் ஃபாரன்ஹீட் அளவும் அங்குலத்தில் காற்றழுத்தமும் சேர்கின்றன. வெப்பமானி எங்கே தொங்கியது, அறைக்குள்ளா மேல்தளத்திலா என்பதை எழுதாமல் விட்டவர்கள் உண்டு. மூடிய அறையின் சூடும் திறந்த கடற்காற்றின் சூடும் ஒன்றல்ல என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கப்பல் சென்னைத் துறையில் நங்கூரம் போட்டதும் பக்கத்தின் முகமே மாறிவிடும். வேகப் பத்தி வெறுமையாகிவிட, குறிப்புப் பத்தி நிரம்பி வழியும். நங்கூரம் விழுந்த இடத்தின் ஆழம் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி), கோட்டைக் கொடிமரம் எந்தத் திசையில் தெரிகிறது, கோட்டைக்கு எத்தனை குண்டு மரியாதை முழங்கப்பட்டது, எத்தனை பெட்டி வெள்ளி இறங்கியது, எத்தனை பொதி துணி ஏறியது, குடிநீர் எவ்வளவு வந்தது என்று வரிசையாக இருக்கும். அலை மிகுதியால் படகு எதுவும் வரவில்லை என்ற வரியும் இடையிடையே வரும். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, இரும்பாணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தாம் ஆளையும் சரக்கையும் அலைதாண்டிக் கொண்டுசென்றன. கடிதங்கள் கட்டுமரத்தில் போயின. படகு வராத நாள்களைத் தொகுத்தாலே அந்த ஆண்டின் கடல் கொந்தளிப்பைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். வானிலைப் பத்தியைவிட இந்தப் புலம்பல் வரிகளை நான் அதிகம் நம்புகிறேன். ஏனெனில் சரக்கு இறங்கத் தாமதமானதற்கு அதிகாரி சொல்லியாக வேண்டிய காரணம் அது.

தேதிகளில்தான் புதியவர் வழுக்கி விழும் இடங்கள் அதிகம். கடலில் நாள் என்பது நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடிவது. அதுவும் நாட்காட்டிக்கு அரை நாள் முந்தி ஓடும். கரையில் இருப்பவருக்கு அக்டோபர் 14 மாலை ஆறு மணிக்கு வந்த மழை, கப்பல் ஏட்டில் அக்டோபர் 15-இன் தாளில் மேற்பாதியில் இருக்கும். ஒரே தாளில் பிற்பகல் முதலிலும் முற்பகல் பின்னாலும் வரும். பிரிட்டிஷ் கடற்படை இந்த வழக்கத்தை 1805-இல் கைவிட்டது. கம்பெனிக் கப்பல்களில் அது 1820-கள் வரை நீடித்தது. துறையில் நிற்கும்போது மட்டும் பலர் நள்ளிரவில் தொடங்கும் பொதுநாளுக்கு மாறிவிடுவார்கள் என்பதால், வந்து சேர்ந்த அன்றும் புறப்பட்ட அன்றும் கணக்கு இடிக்கும்.

1752-க்கு முன் இன்னொரு சிக்கல். ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியிலும் பிரெஞ்சுக்காரர் புதியதிலும் இருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இடையே 11 நாள் வேறுபாடு. 1746-இல் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லபூர்தொனேயிடம் வீழ்ந்தது ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. அடுத்த மாதம் அவருடைய கப்பற்படையைச் சிதறடித்த புயலுக்கும் இப்படி இரண்டு தேதிகள் உண்டு. கவனிக்காமல் பட்டியல் போட்டால் அந்த அக்டோபரில் இரண்டு புயல்கள் அடித்துவிடும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு இங்கே பெரிய துணை. கப்பல் வரவுகளை விடாமல் குறித்தவர் அவர். தமிழ் வருடம், மாதம், தேதியோடு ஐரோப்பியத் தேதியையும் சேர்த்தே எழுதுவார். ஆங்கில ஏட்டையும் பிள்ளையின் குறிப்பையும் அருகருகே வைத்தால் தேதிக் குழப்பம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

தீர்க்கரேகையிலும் இதே கதைதான். அது எப்போதும் கிரீன்விச்சிலிருந்து கணக்கிடப்பட்டதன்று. கடைசியாகக் கண்ணில் பட்ட முனையிலிருந்தோ தீவிலிருந்தோ எண்ணப்பட்டிருக்கும். காற்றின் வேகத்தை எண்ணால் குறிக்கும் போஃபர்ட் அளவுகோல் 1806-இல்தான் உருவானது. அதற்கு முன்னும், வெகுநாள் பின்னும், காற்றின் வலிமை சொற்களிலேயே எழுதப்பட்டது. ஆங்கில, டச்சு, பிரெஞ்சு, ஸ்பானிய ஏடுகளை வைத்து 2000-களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஐரோப்பியத் திட்டம் இச்சொற்களுக்கு ஒரு பன்மொழி அகராதியே தயாரித்தது. நல்லவேளை, அந்தச் சுமையை நாம் மறுபடியும் தூக்க வேண்டியதில்லை.

இனி முக்கியமான விஷயம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தேடித்தான் நாம் இந்த ஏடுகளிடம் வருகிறோம். ஆனால் அந்த மாதங்களில்தான் கப்பல்கள் சென்னையில் இல்லை. அக்டோபர் நடுவில் கோட்டையின் கொடிமரம் இறக்கப்படும். டிசம்பர் நடு வரை சோழமண்டலக் கரையில் நிற்பது ஆபத்து என்பது ஊரறிந்த விதி. 1746-இன் புயலும், 1761 புத்தாண்டு நாளில் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களை மூழ்கடித்த புயலும் அந்த அச்சத்துக்கு ஆதாரங்கள். ஆகவே கப்பல்கள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ விலகின அல்லது ஊர் திரும்பும் வழியைப் பிடித்தன. ஜூலை, ஆகஸ்டில் சென்னைத் துறையின் காற்று பற்றி ஏராளமாகப் பேசும் தொகுப்பு, மழை இறங்கும் நேரத்தில் வாயை மூடிக்கொள்கிறது. இந்த இடைவெளி தற்செயலானதன்று என்பதால், இருக்கும் பதிவுகளின் சராசரியை எடுத்து அதை நிரப்பிவிட முடியாது. அக்டோபர் கடைசியில் துறையில் நின்ற ஒன்றிரண்டு கப்பல்கள் கிடைத்தாலும், அந்த ஆண்டு வானம் அமைதியாக இருந்ததால்தான் அவை நின்றனவோ என்ற சந்தேகம் எழ வேண்டும்.

மூழ்கிய கப்பல்களின் கதையும் இதோடு சேர்ந்தது. 1782-இல் நம் கடற்பகுதியிலிருந்து ஊர் திரும்பிய குரோவனர், தென்னாப்பிரிக்கக் கரையில் மோதி உடைந்தது. 1792-இல் வெள்ளியோடு சென்னைக்கு வந்துகொண்டிருந்த விண்டர்டன், மடகாஸ்கர் அருகே பவளப்பாறையில் சிக்கியது. மூழ்கிய கப்பலின் ஏடும் பெரும்பாலும் அதோடு போய்விடும். குரோவனரில் தப்பியவர்களை விசாரித்துக் கம்பெனிக்காக அறிக்கை எழுதியவர் அதே டால்ரிம்பிள். காப்பகத்தில் இருப்பவை பத்திரமாக ஊர் திரும்பிய கப்பல்களின் ஏடுகள் என்பதால், மிக மோசமான காற்றைக் கண்டவர்களின் சாட்சியம் அங்கே குறைவாகவே இருக்கும்.

இடைவெளியை நிரப்ப வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். ஒன்று, கரையை விட்டு விலகி வங்கக் கடலின் நடுவே கல்கத்தாவுக்கோ அங்கிருந்து தெற்கோ சென்றுகொண்டிருந்த கப்பல்கள். தென்மேற்குக் காற்று தளர்ந்து வாடை திரும்பும் நாளை அவற்றின் காற்றுப் பத்தியில் பிடிக்க முடியும். மழையைப் பிடிக்க முடியாவிட்டாலும் பருவம் மாறியதைப் பிடிக்கலாம். இரண்டு, வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் தொடங்கிய பதிவு. 1796-க்குப் பிறகு துறையில் நின்ற கப்பலின் காற்றழுத்த அளவை அதே நாளின் நுங்கம்பாக்க அளவோடு ஒப்பிட்டால், அந்தக் கப்பலின் கருவி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டியது என்று தெரிந்துவிடும். பிறகு அதே கப்பல் நடுக்கடலில் எழுதியதையும் திருத்திக்கொள்ளலாம். மூன்று, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகளும் பொதுத்துறை ஆலோசனைக் குறிப்புகளும் அங்கே இருக்கின்றன. புயலில் என்ன சேதம், எந்தப் படகு உடைந்தது, யார் நிவாரணம் கேட்டார்கள் என்பவை அரசின் செலவுக் கணக்காக அவற்றில் பதிவாகியிருக்கும். கடற்படைக் கப்பல்களின் ஏடுகள் இத்தொகுப்பில் வரமாட்டா. 1811 மே 2 அன்று சென்னைத் துறையில் புயலில் அழிந்த டோவர் போன்ற கப்பல்களுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கடற்படைப் பிரிவைத்தான் பார்க்க வேண்டும்.

மழையைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் திறக்காமல் விடும் தொகுதி ஒன்று உண்டு. நாளேடுகளோடு அதே ‘பி’ வரிசையில் சம்பளப் பேரேடுகளும் வைக்கப்பட்டுள்ளன. மாலுமியின் பெயர், சேர்ந்த நாள், பிடித்தம், இறந்திருந்தால் இறந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். போர்க்காலத்தில் ஆங்கிலக் கடற்படை சென்னைத் துறைக்கே வந்து கம்பெனிக் கப்பல்களின் ஆட்களைப் பிடித்துச் சென்றுவிடும். அந்த இடத்தை நிரப்பத் திரும்பும் பயணத்தில் லாஸ்கர்கள் எனப்பட்ட ஆசிய மாலுமிகள் சேர்க்கப்பட்டார்கள். ஆங்கில மாலுமிக்குத் தனி வரி ஒதுக்கிய எழுத்தர், இவர்களைப் பல இடங்களில் ஒரு செராங்கின் (லாஸ்கர்களின் தலைவர்) கீழ் இத்தனை பேர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். பெயர்கள் இருக்கும் ஏடுகளிலும் எழுத்துக்கூட்டல் காதில் விழுந்தபடிதான். மசூலா படகோட்டிகளுக்கு அதுவும் இல்லை. கப்பலின் பேரேட்டில் அவர்கள் கூலியாக மட்டுமே வருகிறார்கள். அவர்களைத் தேடுபவர் எழும்பூரில், துறை நிர்வாகியான மாஸ்டர் அட்டெண்டன்டின் கடிதங்களிலும் படகுக் கட்டண விதிகளிலும் தொடங்குவதே உசிதம்.